பச்சை மூடிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மூடி

"இந்தப் பொம்பளை பொய் சொல்றா" என்றாள் கறார்.

கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்டது. அவள் தன் வலியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கறார் என்பது தொழில் வட்டாரம் வைத்த பெயர். முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளை விசாரித்துத் தள்ளுபடி செய்கிற வேலையில் இருந்தாள். அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் நிஜமாக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற கண் வந்துவிட்டது. இப்போது எதிர்க்கரைக்கு வந்து வக்கீல்களுக்குத் துப்பறிந்து கொடுக்கிறாள். கரை மாறியதில் முகம் மாறவில்லை.

"அக்கா, நோயாளிகிட்ட முதல்ல 'உடம்பு எப்படி இருக்கு'ன்னு கேக்கறது வழக்கம்" என்றான் பின்னால் நின்ற உதவியாளன். அவன் பெயர் குடைச்சல். காரணம் விளக்கத் தேவையில்லை.

"உடம்பு எப்படின்னுதான் கண்ணு முன்னால தொங்குதே."

தொங்கியது உண்மைதான். கட்டிலில் இருந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இடது இடுப்பு எலும்பு முறிந்து, காலில் எடை கட்டிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். போன வாரம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், எண்ணெய் அலமாரிக்கும் ஃப்ரீசர்களுக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் வழுக்கி விழுந்தாள். கடை சொல்கிற கதை இது: அலமாரியிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்தாள், கை தவறிக் கீழே போட்டாள், தான் கொட்டிய எண்ணெயில் தானே வழுக்கினாள்.

"நான் பாட்டிலைத் தொடவே இல்ல" என்றாள் வேன்காரி. "கால் வச்சேன். ஈரம். தரை அப்படியே கூட வந்துச்சு. அப்புறம் மேல விளக்குதான் தெரிஞ்சது. இதுல எது பொய்?"

"அது பொய் இல்ல. வேற எதையோ முழுங்கறே. தொண்டை ஏறி இறங்குது."

"இங்க குடுக்கற மாத்திரையா இருக்கும்க்கா" என்றான் குடைச்சல். "ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு சைஸ்."

சுவரோரம் நின்ற வக்கீல் பொறுமை இழந்தார். அவருக்கு எப்போதும் பாதிப் பொறுமைதான் கையிருப்பு. "கதை பேச நேரம் இல்ல. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும்னு கடை ஒரு பேப்பர் அனுப்புது. 'பாட்டிலை உடைச்சது நான்தான், கடை மேல தப்பு இல்ல'ன்னு. போடலைன்னா, காசு பறிக்க வேணும்னே விழுந்தான்னு போலீஸ்ல புகார். போட்டுட்டா, நான் கோட்டைக் கழட்டிக் கையில தொங்கப் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். நஷ்ட ஈடு ஒரு பைசா வராது."

"வரலைன்னா?"

"ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லாம எலும்பு அது இஷ்டத்துக்குக் கூடும். கால் குட்டையாயிடும்."

வேன்காரி கூரையைப் பார்த்துச் சொன்னாள். "இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்."

 அந்த வேனை ஓட்டித்தான் அவள் சாப்பிடுகிறாள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கறார் கட்டிலோரம் இருந்த சின்ன அலமாரியைத் திறந்தாள். மடித்த சுடிதார் ஒன்று இருந்தது. "விழுந்தப்ப போட்டிருந்த துணியா?"

"ஆமா."

கறார் எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை. "யார் துவைச்சது?"

"தம்பி. அவன்தான் என்னை இங்க கொண்டு வந்து சேர்த்தான். மறுநாளே துவைச்சு மடிச்சுக் கொண்டு வந்து வச்சுட்டான்."

"எப்பவுமே துவைப்பானா?"

"குடிச்ச டம்ளரைக் கழுவ மாட்டான். அக்காவுக்கு அடிபட்டதும் பாசம் பொங்குது போல."

"எனக்கும் ஒரு அக்கா இருக்கா" என்றான் குடைச்சல். "அவ இடுப்பு உடைஞ்சா நான் குலுங்கிக் குலுங்கி அழுவேன். துவைக்க மாட்டேன்."

"தம்பி என்ன வேலை பாக்கறான்?" என்று கேட்டாள் கறார்.

"ஏதோ ஒரு கம்பெனில..." வேன்காரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குத் தலை வலிக்குது. போங்க."

கறார் வக்கீலைப் பார்த்தாள். இதுதான் அந்தப் பொய் என்று அந்தப் பார்வை சொன்னது. அது ஏன் பொய் என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

*

சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"நீங்கதானே அந்த விழுந்த கேஸ் ஆளுங்க? உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

"உங்க கடைல உள்ள விட்டாதான் ஆபத்துன்னு கேள்விப்பட்டேன்" என்றான் குடைச்சல். "வெளியவே நிறுத்தறீங்க. நல்ல முன்னேற்றம்."

காவலாளி அவன் சட்டைக் காலரைப் பிடிக்கப் போனபோது மேனேஜர் வந்துவிட்டார். இளவயது. கழுத்தில் டை, அதன் மேல் அடையாள அட்டை, அதன் மேல் ஒரு சிரிப்பு. மூன்றும் கடை கொடுத்தவை என்று பார்த்தாலே தெரிந்தது.

"வரட்டும், வரட்டும். நாங்க மறைக்க என்ன இருக்கு? பார்த்துட்டுப் போய் அந்த வக்கீல்கிட்ட சொல்லுங்க. இந்த மாதிரி விழுந்து பொழைக்கிற கூட்டத்தை நாங்க நிறையப் பார்த்தாச்சு."

"இடுப்பை உடைச்சுக்கிட்டுப் பொழைக்கிற கூட்டமா?" என்றாள் கறார்.

"எக்ஸ்ரே கூட வாடகைக்குக் கிடைக்கும் மேடம். உங்களுக்குத் தெரியாததா? நீங்க அந்தப் பக்கம் இருந்தவங்கதானே. உங்களைப் பத்தி விசாரிச்சேன். ஏழைங்க வயித்துல அடிச்ச கை உங்களோடது."

கறாரின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "ஆமா. அதனால எந்த இடத்துல அடிச்சா எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும். நடைபாதையைக் காட்டுங்க."

ஒரு பக்கம் எண்ணெய் பாட்டில்கள், மறுபக்கம் வரிசையாக ஃப்ரீசர்கள். தரை முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. ஃப்ரீசர் ஓரமாகப் புத்தம்புதிய ரப்பர் விரிப்பு. இன்னும் சுருட்டி வைத்திருந்த வளைவுகூடப் போகாமல் ஓரங்களில் எழும்பி நின்றது.

"விரிப்பு எப்ப போட்டீங்க?"

"எப்பவும் இருக்கறதுதான்."

"பொறந்த குழந்தையைக் காட்டி இது என் தாத்தான்னு சொல்றார்க்கா" என்றான் குடைச்சல்.

"கேமரா?"

மேனேஜர் கையைத் தூக்கிக் காட்டினார். கேமரா இருந்தது. அது ஃப்ரீசருக்கு அந்தப் புறம் உள்ள அழகு சாதன அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "லிப்ஸ்டிக் திருடறவங்க இருக்காங்க. எண்ணெய் பாட்டிலை யார் மேடம் பாவாடைக்குள்ள வச்சுட்டுப் போறாங்க?"

கறார் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். நாடா அவிழ்ந்திருக்கவில்லை. ஃப்ரீசரின் கால், தரையைத் தொடுகிற மூலையில் பழுப்பாக ஏதோ கூழ் மாதிரிக் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைப்பான் எட்டாத இடுக்கு. நகத்தால் சுரண்டிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரக்கு எல்லாம் சுத்தமா அடுக்கி வச்சிருக்கீங்க" என்றாள்.

பாராட்டு என்று நினைத்து மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதுல எங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பழசு முன்னால, புதுசு பின்னால. தேதி முடியப்போற சரக்கு முன்னாடியே அலமாரியை விட்டு இறங்கிடும்."

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போகாதா?"

"சான்ஸே இல்ல. அவ விழறதுக்கு முந்தின நாள்தான் உணவு இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கிப் பார்த்துட்டுப் போனார். ஒரு பழைய பாட்டில்கூட இல்லைன்னு அவரே சொன்னார்."

"ரொம்ப சந்தோஷம். அவ உடைச்ச பாட்டிலைக் காட்டுங்க."

அலுவலக அறையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தடயத்தை வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கண்ணாடித் துண்டுகள், கழுத்துப் பகுதி, அதில் திருகிய மூடி. லேபிள் பாதி கிழிந்துபோயிருந்தது. தேதி இருக்க வேண்டிய பாதிதான் இல்லை.

கறார் தட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே அறையை விட்டு வெளியே நடந்தாள்.

"ஏய்! எங்க கொண்டு போறே?"

மரியாதை அந்த ஒரு வரியில் கழன்று விழுந்தது. மேனேஜர் பின்னால் ஓடிவந்தார். கறார் எண்ணெய் அலமாரி முன்னால் போய் நின்று, தட்டைப் பாட்டில்களுக்கு அருகே வைத்தாள். அதே கம்பெனி. அதே அளவு. அலமாரி முழுக்கப் பச்சை மூடி, ஊற்றுவதற்கு மூக்கு வைத்த புது மாதிரி. தட்டில் இருந்தது மொட்டையான சிவப்பு மூடி.

குடைச்சல் அலமாரியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் பச்சைத் தலைப்பா. இவர் மட்டும் சிவப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரரா?"

"கம்பெனி மூடியை மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?" என்றாள் கறார். "சிவப்பு மூடி எல்லாமே தேதி முடிஞ்ச சரக்கு. முந்தின நாள் இன்ஸ்பெக்டர் தேடியும் கிடைக்காத பாட்டில், மறுநாள் அவ கைக்கு மட்டும் எப்படிக் கிடைச்சது?"

மேனேஜரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டை மட்டும் இருந்தது. அலமாரியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் கண்கள் கணக்குப் போட்டன. பிறகு சிரிப்பு திரும்ப வந்தது, இன்னும் அகலமாக.

"சரி. ஒரு பாட்டில் இன்ஸ்பெக்டர் கண்ணுலயும் எங்க கண்ணுலயும் தப்பிப்போச்சு. பழைய சரக்கு வச்சதுக்கு அபராதம் எவ்வளவோ கட்டிடறேன். என் சட்டைப்பை காசு இல்லையே. ஆனா அவ உடைச்சது உடைச்சதுதான். மூடி சிவப்பா இருந்தா எண்ணெய் வழுக்காதா?"

 சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரிய குற்றத்திலிருந்து நழுவுவது கறாருக்குப் பழக்கமான வித்தை. எத்தனையோ பேருக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் மேனேஜர். "அவ பாட்டிலைப் போட்டதைக் கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. எங்க ஸ்டாக் ஆள். எழுதிக் கையெழுத்துப் போட்டே குடுத்துட்டான்."

"உங்க ஆள் உங்களுக்குச் சாட்சி. கோர்ட் கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்காது மேடம்." மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். "அவன் அந்தப் பொம்பளையோட கூடப் பிறந்த தம்பி."

 குடைச்சல் வாயைத் திறந்தான். மூடினான். அவனிடம் சொல்ல எதுவும் இல்லாமல்போவதை அலமாரியில் இருந்த பாட்டில்கள் முதல்முறையாகப் பார்த்திருக்கும்.

"என்ன, உங்க கட்சிக்காரி இதைச் சொல்லலையா?" மேனேஜர் கைதட்டிக் காவலாளியைக் கூப்பிட்டார். "இவங்களை வெளிய தள்ளு."

தள்ளு என்றால் தள்ளுதான். தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். போகிற வழியில் கறார் அலமாரியிலிருந்து ஒரு பச்சை மூடி பாட்டிலை எடுத்தாள். பில் போடும் இடம் வந்ததும் நின்றாள். பணம் கொடுத்தாள். கல்லாவில் இருந்த பெண் பழக்கதோஷத்தில் "நன்றி, மறுபடியும் வாங்க" என்றாள்.

"இவர் விட்டா வருவோம்" என்று குடைச்சல் காவலாளியைக் காட்டினான்.

*

வெளியே வெயில் கொளுத்தியது. குடைச்சல் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கேஸ் அவுட்டுக்கா. கூடப் பிறந்தவனே சாட்சி. அந்த அக்கா தம்பி வேலை போயிடக் கூடாதுன்னு அவன் எங்க வேலை பாக்கறான்னே சொல்லாம மறைச்சிருக்கு. அவன் இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டு அக்காவைப் புதைச்சிருக்கான். நல்ல குடும்பம். எங்க வீடே பரவாயில்ல."

"நீ ஒரு பாட்டிலை வேணும்னே உடைக்கணும்னா எதை உடைப்பே?"

"கையில எது கிடைக்குதோ அதை."

"அந்த மேனேஜர்?"

"அவரும் அப்படித்தான். அலமாரிக்கு ஒரு கை நீட்டினா பச்சை மூடி. அதைப் போட்டு உடைச்சிருந்தா இன்னிக்கு நம்மால ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது."

"அப்ப, இத்தனை நல்ல பாட்டில் கைக்கெட்டற தூரத்துல இருக்கறப்போ, பின்னால இருக்கிற அறை வரைக்கும் போய், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கி வச்ச செத்த பாட்டிலைத் தேடி எடுத்துட்டு வந்து உடைக்கிறவன் யாரு?"

குடைச்சல் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"நல்ல பாட்டிலை உடைக்கக் கை வராதவன்" என்றான் மெதுவாக.

"வண்டியை எடு."

*

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது வேன்காரியின் கையில் பேனா இருந்தது.

கட்டில் மேல் சாப்பாட்டுப் பலகையைப் போட்டு அதில் கடையின் பேப்பரை விரித்து வைத்திருந்தான் தம்பி. கடைச் சீருடையிலேயே வந்திருந்தான். மெலிந்த ஆள், கண்ணுக்குக் கீழே கருவளையம். வக்கீல் ஜன்னலோரம் நின்று தலையில் கைவைத்திருந்தார்.

"நான் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றார் வக்கீல். "கேக்க மாட்டேங்கறா."

"போலீசு, கோர்ட்டுன்னு என்னால அலைய முடியாது" என்றாள் வேன்காரி. "அவனும் அங்க பொழைக்கணும். நான் எப்படியோ போறேன்."

"போட்டுடுக்கா" என்றான் தம்பி. "இவங்க எல்லாம் நாளைக்கு வேற கேஸுக்குப் போயிடுவாங்க. நான்தான் உன் கூட இருப்பேன்."

கறார் பையிலிருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்தாள். பிறகு ஒற்றை விரலால் தள்ளிவிட்டாள்.

தம்பி பாய்ந்தான். யோசிக்கவே இல்லை. முழங்கால் சிமெண்டுத் தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. பாட்டில் தரையைத் தொடுமுன் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"விக்கெட் கீப்பரா போயிருக்கலாம்" என்றான் குடைச்சல்.

"பைத்தியமா உங்களுக்கு?" தம்பி கத்தினான். "உடைஞ்சிருக்குமே!"

"உடையட்டும். என் பாட்டில். பில் இருக்கு. நீ ஏன் முட்டியைப் பேத்துக்கறே?"

அவன் எழுந்து நின்றான். பாட்டிலை மட்டும் விடவில்லை.

"கடைல நீ ஒண்ணை உடைச்சா உன் சம்பளத்துல பிடிப்பாங்க. வருஷக்கணக்கா அந்தப் பயம் உன் கையில ஊறிப்போச்சு. மேனேஜர் உன்னை ஒரு பாட்டிலை உடைன்னு சொன்னார். உடைச்சா பிடிக்க மாட்டேன்னும் சொல்லியிருப்பார். இருந்தும் நல்ல பாட்டிலை உடைக்க உனக்குக் கை வரலை. செத்த சரக்குல ஒண்ணை எடுத்துட்டு வந்தே. சிவப்பு மூடி."

"சும்மா அடிச்சு விடாதீங்க. அக்கா எடுத்ததை நான் பார்த்தேன். எண்ணெய்லதான் விழுந்துச்சு."

"எண்ணெய்ல விழுந்த துணி எண்ணெயா இருக்கும். அதைக் காட்டியிருந்தாலே உங்க கடை ஜெயிச்சிருக்கும். டம்ளர் கழுவாத நீ, அதை எடுத்துட்டுப் போய் ஏன் துவைச்சே? அதுல எண்ணெய் இல்ல. வெறும் தண்ணியும் இதுவும்தான் இருந்திருக்கும்."

கைக்குட்டையை விரித்துப் பேப்பர் மேல் உதறினாள். பழுப்புக் கூழின் காய்ந்த துணுக்குகள் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விழுந்தன.

தம்பி அதைப் பார்த்தான். பார்த்த விதத்திலேயே அது என்ன என்று அவனுக்குத் தெரியும் என்பது தெரிந்தது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. கோர்ட்ல வந்து கேளுங்க."

கறாரின் கையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது ஊகம்தான். ஊகத்தை எந்த நீதிபதியும் வாங்கமாட்டார். வக்கீலுக்கும் அது தெரிந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"டேய்" என்றாள் வேன்காரி.

அதட்டவில்லை. வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கிற குரல்.

"எந்தப் பெட்டிலேர்ந்து எடுத்தே?"

"ரிட்டர்ன் பெட்டிலேர்ந்துக்கா" என்றான் தம்பி.

சொல்லிவிட்டு அப்படியே உறைந்து நின்றான். பக்கத்துக் கட்டில்காரி "அய்யோ" என்றாள், ஏதோ அவளே மாட்டிக்கொண்டது போல.

வேன்காரி பேனாவை மூடினாள். "அப்ப நான் எதுல விழுந்தேன்?"

அவன் பாட்டிலைப் பலகையில் வைத்தான். 

"அட்டைல."

"என்ன அட்டை?"

"ஃப்ரீசர் ரொம்ப நாளா ஒழுகுதுக்கா. நானே போய்ப் போய்ச் சொன்னேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டா செலவு, சரக்கு வந்த பெட்டியைப் பிரிச்சுப் போடுன்னார் மேனேஜர். தினம் காலைல வந்ததும் அட்டையை விரிச்சுப் போடறது என் வேலை. தண்ணி குடிச்சுக் குடிச்சு அது கூழா போயிடும். டைல்ஸ் மேல வச்சா சறுக்குக்கட்டைதான். அன்னிக்கு நீ கால் வச்சே. அட்டை உன்னையும் இழுத்துட்டுப் போச்சு."

"நீ போட்ட அட்டை."

"நான் போட்ட அட்டை."

வார்டில் யாரோ இருமினார்கள். 

"நீ கீழ கிடந்து கத்தறே. மேனேஜர் என்னைத் தனியா இழுத்துட்டுப் போய், 'அட்டை போட்டது நீ. கேஸுன்னு வந்தா உள்ள போறது நீதான். அக்கா இடுப்பை உடைச்ச தம்பின்னு ஊரே காறித் துப்பும்'னார். அட்டையை அள்ளிட்டு எண்ணெயைக் கொட்டுன்னார். அதைக் கொட்டிட்டுத்தான் உன்னைத் தூக்கினேன்."

கடைசி வரியை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேன்காரியின் முகம் மாறியது அங்கேதான்.

வக்கீல் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"முட்டாளே, உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். கடை அவங்களோடது, ஒழுகற ஃப்ரீசர் அவங்களோடது, போடச் சொன்ன வாய் அவனோடது. சம்பளத்துக்குச் செஞ்சவனைப் பிடிச்சு எவனும் நஷ்ட ஈடு கேக்கறதில்ல. அதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. வழுக்கி விழுந்த கேஸ்ல எல்லா முதலாளியும் ஒரே பாட்டுத்தான் பாடுவான். 'தரை ஈரமா இருந்தது எங்களுக்குத் தெரியாது.' தெரியாதுன்னு சொல்லித்தான் தப்பிக்கிறான். தினம் அட்டை போட்டிருக்கான்னா தெரியும்னு அர்த்தம். தெரிஞ்சும் விட்டிருக்கான். அந்த அட்டைதான்டா அவங்களுக்குத் தூக்குக்கயிறு."

"அவர் என்கிட்ட அப்படிச் சொல்லலையே" என்றான் தம்பி.

"உனக்கு வக்கீல் அவனா?"

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது?"

"பொய். அதுக்கு உன்னைத் திட்டுவாங்க, குடைவாங்க, அவமானப்படுத்துவாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கூண்டுல ஏறி இன்னும் சொல்லல. இன்னிக்கே உண்மையை எழுதிக் குடுத்தா காப்பாத்த வழி இருக்கு. கூண்டுல ஏறிப் பொய் சொன்னப்புறம் என்கிட்ட வராதே."

தம்பி அக்காவைப் பார்த்தான். "வேலை போயிடும்க்கா."

"எனக்கு இடுப்பு போயிருக்கு."

"ரெண்டு பேருக்கும் சம்பாத்தியம் இல்லைன்னா வீட்டை எப்படி..."

"என்னை ஓட்ட விடாம வச்சு நீ காப்பாத்தற வீடு எனக்கு வேண்டாம்." பேனாவை அவன் பக்கம் நீட்டினாள். "எழுது. ஃப்ரீசர்ல ஆரம்பி. அட்டையை எழுது. எண்ணெயைக் கொட்டினதையும் எழுது. என்னை எப்ப தூக்கினேங்கறதையும் விடாதே."

வக்கீல் வெள்ளைத்தாள் கொடுத்தார். தம்பி பலகையில் குனிந்து எழுதினான். பக்கம் நிறைந்ததும் திருப்பி எழுதினான். குடைச்சல் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கறாரின் காதில் கிசுகிசுத்தான். "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குக்கா. ஆனா ஒண்ணையும் விடலை."

கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். வெளிறினான்.

"மேனேஜர்."

"உங்க எக்ஸ்ரேவே வாடகைக்கு எடுத்ததுன்னு சொன்னவர்" என்றான் குடைச்சல். வேன்காரி கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"என்னடா, கையெழுத்து ஆச்சா?" மேனேஜரின் குரலில் அவசரம். "மணி ஆகுதில்ல?"

"ஆச்சு சார்" என்றாள் வேன்காரி. "இப்பதான் போட்டு முடிச்சான்."

"யார் பேசறது?"

"வாடகைக்கு எக்ஸ்ரே எடுத்தவ."

வக்கீல் போனைக் கையில் வாங்கிக்கொண்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே வெளி வராந்தாவுக்குப் போனார். அவர் குரல் தேய்ந்து தேய்ந்து போனது. பல நாள் பசியோடு இருந்தவர் இலை முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது அந்த நடை. கறார், தம்பி எழுதின தாள்களை மடித்துப் பையில் வைத்தாள்.

"முதல்லயே தம்பி அங்க வேலை பாக்கறான்னு சொல்லியிருந்தா எனக்குப் பாதி நாள் மிச்சம்" என்றாள்.

"நீங்க நல்லாவே கேக்கலை" என்றாள் வேன்காரி. "வந்ததும் பொய்க்காரின்னீங்க."

"பொய் சொன்னேதானே."

 வேன்காரி கொஞ்சம் உடம்பை அசைக்கப் பார்த்தாள். எடை ஆடியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தலையணை ஒருபக்கம் சரிந்துவிட்டது.

தம்பி சட்டென்று முன்னால் வந்து தலையணையைச் சரிசெய்யக் கை நீட்டினான்.

"தொடாதே."

அவன் கை பாதியில் நின்றது.

"நர்ஸைக் கூப்பிடு" என்றாள்.

அவன் கூப்பிடப் போனான்.